ஒட்டுக்கொழுப்பு உள்ளே போன கதை

அந்தக் காலத்தில் உடம்புக்குள் இருக்கும் எல்லாமே பேசும். இரத்தத்தில் ஓடும் சிவப்பணுக்கள் பேசும், அவற்றின் தோலில் நிற்கும் கொழுப்புகளும் பேசும். சிவப்பணுவின் தோல் இரண்டு அடுக்கு. வழுக்குக்கொழுப்பும் ஒட்டுக்கொழுப்பும் அந்த இரண்டிலும் இஷ்டம்போல் கலந்து நின்றன.

அதனால் வந்தது வினை. வெளி அடுக்கில் நின்ற ஒட்டுக்கொழுப்பு, போகிற வருகிற அணுக்களையெல்லாம் பிடித்து இழுத்தது. வழியெங்கும் நெரிசல். போதாததற்கு மண்ணீரலில் சோணமுத்து என்றொரு காவல்காரர் இருந்தார். தளர்ந்துபோன அணுக்களை விழுங்குவது அவர் வேலை. கண் தெரியாது, கையால் தடவித்தான் பார்ப்பார். பிசுபிசுத்தால் கிழடு என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்வார். நேற்றுப் பிறந்த அணுக்கள்கூட அப்படிப் போய்ச் சேர்ந்தன.

ஒவ்வொரு சிவப்பணுவின் தோலிலும் சாமான் தூக்கி வைக்கும் சுமைகாரி ஒருத்தி உண்டு. செங்கமலம் என்ற இளம் சிவப்பணுவின் தோலில் மாடத்தி என்ற சுமைகாரி குடியிருந்தாள். ஒருநாள் செங்கமலம் மூச்சுக்காற்றைச் சுமந்துகொண்டு மண்ணீரலின் இடுக்கு வழியில் நுழைந்தபோது, சோணமுத்துவின் கை அவள்மேல் விழுந்து ஒட்டிக்கொண்டது.

செங்கமலம் பயந்துபோனாள். மாடத்திக்கும் பயம்தான். ஆனாலும் கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை தடவிப் பார்க்கும்படி காவல்காரரிடம் கேட்டுக்கொண்டாள். அப்போதுதான் வயிறு நிறைந்திருந்த அவரும் சரி என்றார்.

சர்க்கரை தந்த தெம்பையெல்லாம் திரட்டி, மாடத்தி ஒட்டுக்கொழுப்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கி உள் அடுக்கில் இறக்கினாள். வெளியே நின்றால் ஊர் பார்க்கலாமே என்று அவை முரண்டு பிடித்தன.

“ஊர் பார்க்க நாம் உயிரோடு இருக்க வேண்டாமா?” என்றாள்.

அதன்பிறகு அவை தாமாகவே அவள் தோளில் ஏறிக்கொண்டன.

சோணமுத்து மறுபடி தடவினார். கை வழுக்கிக்கொண்டு போனது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பச்சைப்பிள்ளையை அல்லவா தின்னப் பார்த்தேன். இனிமேல் எது இளசு, எது கிழடு என்று எனக்கு எப்படியம்மா தெரியும்?”

“எனக்குத் தெம்பு இருக்கும்வரை இவர்களை உள்ளேயே வைத்திருப்பேன் அண்ணாச்சி. தெம்பு போனால் இவர்களே வெளியே வந்துவிடுவார்கள். அப்போது எங்களை அழைத்துக்கொள்ளுங்கள்.”

செங்கமலம் துள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். கண்டவர்களிடமெல்லாம் சேதியைச் சொல்லிக்கொண்டே ஓடினாள். ஒவ்வொரு அணுவிலும் ஒரு சுமைகாரி வேலையில் இறங்க, நெரிசல் கலைந்து இரத்தம் சலசலவென்று ஓடியது.

அன்றைக்குத் தொடங்கியதுதான், நம் சிவப்பணுக்கள் ஒட்டுக்கொழுப்பை உள்பக்கமே நிறுத்திக்கொள்வதும், அது வெளியே தலைகாட்டிய அணுவை மண்ணீரல் அழைத்துக்கொள்வதும்.