பிரதானிக்கு வந்த நன்றி

வயிறு குலுங்கச் சிரிக்க இந்தக் கதையில் ஓர் இடம் இருக்கிறது. ஆனால் இப்போது இல்லை. முதலில் ராஜா வரவேண்டும், அப்புறம் எருமை வரவேண்டும். அதுவரை பல்லைக் காட்டாமல் இருங்கள்.

முன்னொரு காலத்தில் மருதநாட்டை இன்பக்கிள்ளி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அழுகைச் சத்தம் கேட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அதனால் குறை சொல்ல வரும் குடிகள் வெளிமுற்றத்தில் நிற்பார்கள். ராஜா உள்ளே பட்டுத்திரைக்குப் பின்னால் ஊஞ்சலாடுவான். நடுவாசலில் நின்று அவர்கள் சொன்னதை அவனுக்கு எடுத்துச் சொல்பவர் பிரதானி அம்பலக்கூத்தர். நல்ல செய்தி வந்தால் மட்டும் ராஜா துள்ளி எழுவான். அதை நேரில் பார்த்து மாலை போட்டால்தான் அடங்குவான். ஊருக்கே தெரிந்த கிறுக்கு அது.

தம் வெள்ளரித் தோட்டத்தை எட்டிப் பார்த்த குற்றத்துக்காக நல்லாத்தாள் என்ற பால்காரியின் எருமையைக் கூத்தர் தம் கொட்டிலில் கட்டிக்கொண்டார். அதன் பாலை விற்றுத்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது. முறையிட வந்தாள்.

"என் எருமையை நீங்களே புடிச்சுக் கட்டிட்டீங்க சாமி. ராசாகிட்டச் சொல்லுங்க."

கூத்தர் கனைத்துக்கொண்டு திரைப்பக்கம் திரும்பினார். "வேந்தே! நாட்டில் பால் ஆறாக ஓடுகிறதாம்! வாழ்த்திவிட்டுப் போகிறாள்!"

"பேஷ்!" என்றது ஊஞ்சல்.

மறுவாரம் அவளே மறுபடி வந்தாள். பின்னால் நீண்ட வரிசை. கூத்தர் அடுத்த புளுகுக்குத் தொண்டையைத் தயார் செய்தார். அவளோ கைகூப்பி, "எருமையைத் திருப்பிக் கொடுத்த புண்ணியவானே! நன்றி சொல்ல வந்தேன்!" என்றாள்.

எருமை இன்னும் கொட்டிலில்தானே நிற்கிறது? 'பாவம், கவலையில் மூளை குழம்பிவிட்டது' என்று நினைத்தார் கூத்தர். ஆனால் தானாக வருகிற புகழை யார் விடுவார்? வாழ்நாளில் முதன்முறையாகக் கேட்டதைக் கேட்டபடி ஒப்பித்தார். அதுவும் போதாமல், "கூடவே என் எருமை ஒன்றையும் கொடுத்தேன், வேந்தே!" என்று சேர்த்துக்கொண்டார்.

ஊஞ்சல் கிறீச்சிட்டு நின்றது. "இரண்டா! ஓட்டி வரச் சொல்லும்! மாலை எங்கே?"

கூத்தர் ஓரமாக ஒதுங்கினார். வேலையாளின் காதில், "கொட்டிலிலிருந்து இரண்டை ஓட்டி வா. மாலை விழுந்ததும் திரும்ப ஓட்டிவிடலாம்" என்றார்.

ராஜா வெளியே வந்தான், எருமைகளுக்கு மாலை போட்டான், இரண்டு கயிற்றையும் நல்லாத்தாள் கையில் கொடுத்தான். "நான் மாலை போட்டதை இனி எவன் தொட்டாலும் கை இருக்காது!"

அப்போதுதான் அவன் வரிசையைப் பார்த்தான். "இவர்களெல்லாம் யார்?"

"பிரதானிக்கு நன்றி சொல்ல வந்தவங்கதான், மகராசா" என்றாள் நல்லாத்தாள்.

"என் செக்குமாட்டைத் திருப்பிக் கொடுத்த தெய்வமே!" என்றான் வாணியன்.

"என் கரும்புத் தோட்டத்தை!" என்றான் அடுத்தவன்.

ராஜாவின் மீசை துடித்தது. "இவ்வளவு தருமமா! அந்தத் திரையைக் கிழித்துப் போடுங்கள். இனி எல்லாம் என் காதாலேயே கேட்பேன். நல்லாத்தா, நீ பக்கத்தில் நின்று மாலை எடுத்துக் கொடு."

"நானெங்கே கொடுத்தேன்?" என்று கூத்தர் வாணியனிடம் சீறினார்.

"நேத்துதானே சாமி? அதுக்குள்ள மறந்துட்டீங்களா?"

கூத்தர் வரிசையை ஒருமுறை பார்த்தார். எல்லாரும் அவரிடம் எதையாவது பறிகொடுத்தவர்கள். ஒருவர் முகத்திலும் குழப்பமே இல்லை. "அடிப்பாவி! நீங்கள் எல்லாரும் சேர்ந்து…"

"என்ன கூத்தரே?" என்றான் ராஜா.

"ஒன்றுமில்லை வேந்தே… கொட்டிலைத் திறக்க ஆள் அனுப்புகிறேன்."