அரைத் தம்ளர் கஞ்சி

தையல்நாயகி அம்மையாரைக் குருவாக ஏற்றுக்கொண்டபோது பொன்னம்பலத்துக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. அம்மையார் அவரைவிடப் பல வருஷம் இளையவர். எந்த வண்டி எந்த ஊருக்கு எப்போது புறப்பட வேண்டும் என்று பேருந்து டிப்போவில் உட்கார்ந்து தீர்மானித்தே ஆயுளைக் கழித்தவர் பொன்னம்பலம். வேலை ஓய்ந்தது, மனசு ஓயவில்லை. யாரோ சொல்லக் கேட்டு, மலையடிவாரத்தில் அம்மையார் நடத்திவந்த சின்ன மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அவர் வந்த மறு வருஷம் தொற்று வந்தது. ஊரடங்கு வந்தது.

மடத்தில் தினமும் ஒரு வேளைச் சோறு உண்டு. பசித்தவர்கள் வந்து சாப்பிட்டுப் போவார்கள். இப்போது யாரும் வர வழியில்லை.

"அவங்க வர முடியாட்டி நாம போவோம்" என்றார் அம்மையார்.

அவ்வளவுதான் பேச்சு. மூடிக் கிடந்த கல்யாண மண்டபத்தை அதன் சொந்தக்காரர் திறந்துவிட்டார். ஆலைக்காரர்கள் அரிசி அனுப்பினார்கள். சந்தைக்குப் போக முடியாத வெங்காயமும் வாழைத்தாரும் தோட்டங்களிலிருந்து வந்து இறங்கின. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் பருப்பு மூட்டைகள் உட்கார்ந்தன. சுற்றியிருந்த மூன்று வட்டங்களுக்கும் அந்த மண்டபமே உணவு வங்கியானது.

வண்டிகளை அனுப்பும் பொறுப்பு பொன்னம்பலத்துக்கு. அவருக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. எந்த மலைக்கிராமத்துக்கு எந்த வண்டி ஏறும், எந்தச் சோதனைச் சாவடியில் யாரிடம் பேசினால் விடுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வண்டி போய் ஒலிபெருக்கியில் அழைக்கும். ஜனங்கள் முகக்கவசத்தோடு வரிசையில் நிற்பார்கள். ஆளுக்கொரு பை.

பூங்கா நகரில் மட்டும் யாரும் வரவில்லை.

அங்கே பூங்கா எதுவும் கிடையாது. ஊருக்கு வெளியே புதிதாக முளைத்த தெருக்கள். வீட்டுக்கு வீடு இரும்பு கேட், கேட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர். வண்டி மூன்று முறை போய் மூன்று முறையும் நிறைந்த மூட்டைகளோடு திரும்பியது.

"அங்கெல்லாம் வசதியான ஆளுங்க சார்" என்றார் வண்டியோட்டும் இலியாஸ்.

பொன்னம்பலம் அந்த வண்டியை மலைப்பக்கம் திருப்பிவிட்டார். அங்கே பைகள் போதாமல் ஆட்கள் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் போன் செய்தார்.

"சார், காய்ச்சல் முகாம்ல ஒரு டீச்சர் மயங்கி விழுந்துட்டாங்க. நெத்தியில அடி. தொற்று இல்லே. ரெண்டு நாளா சாப்பிடலே, அவ்வளவுதான். கட்டுப் போட்டதும் எழுந்து போயிட்டாங்க. பூங்கா நகர்னாங்க."

பொன்னம்பலம் தானே கிளம்பிப் போனார். ஒவ்வொரு கேட்டிலும் நின்று கேட்டார். "அரிசி, பருப்பு ஏதாவது வேணுமா?"

"நல்லா இருக்கோம் சார்."

"எங்களுக்கென்ன குறை? இல்லாதவங்களுக்குக் குடுங்க."

ஒரு வீட்டில், இஸ்திரி மடிப்புக் கலையாத சேலையோடு ஒரு பெண்மணி வந்து நின்றார். நெற்றியில் பிளாஸ்திரி.

"என்னம்மா, நெத்தியில?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன் சார்."

"வீட்ல அரிசி இருக்கா?"

"இருக்கு சார். மலைப்பக்கம் ஜனங்க பாவம். அவங்களுக்குக் குடுங்க." சிரித்துக்கொண்டே கேட்டைச் சாத்திவிட்டார்.

பொன்னம்பலம் கோபத்தோடு மண்டபத்துக்குத் திரும்பினார். அம்மையார் தரையில் உட்கார்ந்து அழுகிய வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, எனக்கு ஒரு விஷயம் புரியலே."

"சொல்லுங்க ஐயா."

"பட்டினியில விழுந்து மண்டைய உடைச்சுக்கிட்டவங்க, வாசல்ல போய் நின்னு கேட்டாலும் நல்லா இருக்கேங்கறாங்க. வாயைத் திறந்து 'பசிக்குது'ன்னு ஒரு வார்த்தை சொல்ல என்ன கஷ்டம்? சொல்லாதவங்களுக்கு நாம என்னதான் செய்ய முடியும்?"

அம்மையார் வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"இன்னைக்கு ராத்திரி நீங்களும் நானும் சாப்பிட வேண்டாம்."

"சரிம்மா. எதுக்கு?"

"நாளைக்குக் காலையில பூங்கா நகர்ல பிச்சை எடுக்கணும். பசிக்காம பசிக்குதுன்னு சொல்லக் கூடாது இல்லையா?"

பொன்னம்பலம் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். கூரையைத் தொடும் அளவுக்கு அரிசி மூட்டைகள்.

"இதையெல்லாம் வச்சுக்கிட்டா?"

"ஆமா" என்றார் அம்மையார். வெங்காயத்தை மறுபடி கையில் எடுத்தார்.

மறுநாள் காலை அம்மையார் வெள்ளைச் சேலையும் முகக்கவசமுமாக முன்னால் நடந்தார். பொன்னம்பலம் திருவோட்டை ஏந்திப் பின்னால் போனார். வயிறு காந்தியது. அதைவிட, தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற பதைப்பு.

முதல் வீட்டு வாசலில் அம்மையார் ஒதுங்கி நின்றுகொண்டார்.

"நீங்க கேளுங்க ஐயா."

பொன்னம்பலம் கேட்டைத் தட்டினார். திருவோட்டைத் தூணின் மேல் வைத்துவிட்டு, இரண்டடி பின்வாங்கினார். கதவு திறந்தது. வெளியே வந்தவர் உற்றுப் பார்த்தார்.

"அடடே, கன்ட்ரோலர் சாரா? என்ன சார் இந்தப் பக்கம்?"

சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றே ஒன்று. அது தொண்டைவரை வந்தது. பொன்னம்பலம் இருமினார்.

"ஒண்ணுமில்லே... குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

தண்ணீர் வந்தது. குடித்தார்.

இரண்டாவது வீட்டிலும் தண்ணீர்தான் கேட்டார்.

தெருவில் நடக்கும்போது அம்மையார் மெதுவாகச் சொன்னார்: "மூணாவது வீட்டுலயும் தண்ணின்னா வயிறு ரொம்பிடும் ஐயா."

பொன்னம்பலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "வாய் வரமாட்டேங்குதும்மா" என்றார்.

அம்மையார் திருவோட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். அடுத்த கேட்டுத் தூணின் மேல் அதை வைத்துவிட்டு, தானே தட்டினார்.

நெற்றியில் பிளாஸ்திரி போட்ட டீச்சர் வெளியே வந்தார். பெயர் அமலோற்பவம். பொன்னம்பலத்தைக் கண்டதும் முகம் இறுகியது.

"சார், நேத்தே சொன்னேனே. நாங்க நல்லா இருக்கோம்."

"ரொம்ப நல்லது" என்றார் அம்மையார். "நான் குடுக்க வரலே. வாங்க வந்திருக்கேன். நேத்து மத்தியானத்துலேருந்து சாப்பிடலே, பசிக்குது. ஏதாச்சும் இருந்தா போடுங்கம்மா."

டீச்சர் தூணின் மேலிருந்த திருவோட்டைப் பார்த்தார். அம்மையார் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

அடுக்களையில் ஏதோ பாத்திரத்தைக் கரண்டியால் சுரண்டும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. ஜன்னலில் இரண்டு சின்னப் பெண்கள் வந்து நின்றார்கள். பெரியவள் சின்னவளின் தோளைப் பிடித்திருந்தாள்.

டீச்சர் ஒரு தம்ளரோடு வந்தார். பாதிக்குக் கஞ்சி. திருவோட்டில் ஊற்றிவிட்டுத் தள்ளி நின்றார்.

"வேண்டாம்மா" என்றார் பொன்னம்பலம், அம்மையாருக்கு மட்டும் கேட்கும்படி. "அந்தப் பிள்ளைங்க பாக்குதுங்க."

அம்மையார் திருவோட்டை எடுத்துக்கொண்டு வேப்பமரத்து ஓரமாகப் போய் உட்கார்ந்தார். முகக்கவசத்தை இறக்கினார். நிதானமாகக் குடித்தார். கடைசிச் சொட்டையும் விரலால் வழித்துக் குடித்தார். சின்னவளின் கண்கள் அந்த விரலோடு போய், விரலோடு வந்தன. பொன்னம்பலம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நல்லா இருந்துச்சும்மா" என்றார் அம்மையார், முகக்கவசத்தை ஏற்றியபடி. பிறகு, நெருங்கிய உறவுக்காரர் வீட்டில் சொல்வதுபோல, "உப்புதான் கொஞ்சம் கம்மி."

டீச்சர் ஜன்னல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"உப்பு... தீந்து போச்சும்மா."

"எப்ப?"

"போன வாரம்."

"வேற என்னெல்லாம் தீந்துச்சு?"

டீச்சர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முதலில் உதடுகள் மட்டும் அசைந்தன. அப்புறம் எல்லாம் வந்தது. பள்ளிக்கூடம் மூடியதோடு சம்பளம் நின்றது. வீட்டுக்காரர் ஓட்டிய பள்ளி வேன் ஷெட்டில் கிடக்கிறது. வேறு வேலை தேடிப் போனவர் போன ஊரிலேயே மாட்டிக்கொண்டார். ரேஷன் அட்டை சொந்த ஊரில் இருக்கிறது. பருப்பு, எண்ணெய், கடைசியாக அரிசி.

"கேட்டையும் ஸ்கூட்டரையும் பாத்துட்டு யாரு நம்புவா? எங்கிட்டப் படிக்கிற பிள்ளைங்களோட அம்மாமாரு இதே தெருவுல இருக்காங்க. அவங்க முன்னால பை வாங்க வரிசையில எப்படிம்மா நிப்பேன்?"

அம்மையார் தலையசைத்தார்.

"சாயங்காலம் மறுவிருந்து அனுப்பறேன். சாப்பிட்ட வீட்டுக்குத் திருப்பிச் செய்யாட்டி எங்க மடத்துக்கு அழகில்லே."

"ஐயோ, அரைத் தம்ளர் கஞ்சிக்காம்மா?"

"குடிச்சவளுக்குத்தான் அளவு தெரியும். வேண்டாம்னுடாதீங்க."

டீச்சர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்று அந்தத் தெரு முழுக்க அவர்கள் ஏறி இறங்கினார்கள். ஒரு வீட்டில் சுடச்சுட இட்லி கிடைத்தது. ஒரு வீட்டில் ஒரு கை நிலக்கடலை. சில வீடுகளில் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு, "இப்ப ஒண்ணும் இல்லீங்களே" என்றார்கள். "தண்ணி இருக்குமில்ல?" என்று அம்மையார் கேட்டு வாங்கிக் குடித்தார். "தண்ணி குடுத்தாலும் விருந்துதான்" என்றார். கடைசிச் சில வீடுகளில் பொன்னம்பலம் கேட்டார். "பசிக்குதும்மா" என்று சொல்ல முடிந்தபோது, தன் குரலை வேறு யாருடைய குரலோபோல அவரே கேட்டுக்கொண்டார்.

சாயங்காலம் இலியாஸின் வண்டி ஒலிபெருக்கி இல்லாமல் வந்தது. எல்லா வீட்டுக்கும் ஒரே அளவுப் பை, இட்லி கொடுத்த வீட்டுக்கும் சேர்த்து. பொன்னம்பலமே சுமந்து போனார். "மடத்துலேருந்து மறுவிருந்து" என்றார் ஒவ்வொரு வாசலிலும். இட்லி வீட்டுக்காரர் தன் பையைப் பிரிக்காமல் இரண்டு வீடு தள்ளிக் கொண்டுபோய்க் கொடுத்தார். அமலோற்பவம் டீச்சர் கேட்டை அகலத் திறந்து, இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டார். சின்னவள் பைக்குள் கைவிட்டு ஒரு வாழைப்பழத்தை உரிக்கத் தொடங்கிவிட்டாள். "அக்காவுக்கும் குடுடி" என்று அதட்டிய டீச்சரின் குரலில் பள்ளிக்கூடம் இருந்தது.

பொன்னம்பலம் வேலையை மாற்றி அமைத்தார். மலைப்பக்கத்து வண்டிகள் முன்போலவே போயின. கேட் போட்ட தெருக்களுக்கு முதலில் திருவோடு, பிறகு வண்டி. மடத்தில் இருந்த மற்றவர்களும் ஆளுக்கொரு நகர் என்று பிரிந்து நடந்தார்கள். சிலர் விரட்டினார்கள். ஊரடங்கில் தெருவில் திரிவதற்காகப் போலீஸ்காரர் ஒருவர் லத்தியை ஓங்கினார், அப்புறம் அவரும் கூடவே நடந்து வந்தார். மழை பெய்த நாட்களிலும் போனார்கள். பொன்னம்பலம் செருப்புத் தேயத் தேய நடந்தார்.

ஆனால் ஒன்று மட்டும் அவர் நெஞ்சில் தைத்தபடி கிடந்தது. பல வாரம் கேட்காமலே வைத்திருந்தார். ஒருநாள் மத்தியானம், இரண்டு தெருக்களுக்கு நடுவே நிழலில் உட்கார்ந்தபோது கேட்டுவிட்டார்.

"அம்மா, அன்னைக்கு டீச்சர் வீட்டுல. உப்பு இல்லேங்கறது ஒரு வாய் குடிச்சாலே தெரிஞ்சிருக்கும். மிச்சத்தைத் திருப்பிக் குடுத்திருக்கலாமே?"

"ஆமா."

"அந்தப் பிள்ளைங்க வயித்துக்குப் போக வேண்டிய கஞ்சி அது."

"ஆமா ஐயா. அன்னைக்கு மத்தியானம் அந்தப் பிள்ளைங்க வெறும் வயிறு. என்னாலதான்."

பொன்னம்பலம் திடுக்கிட்டு அவரைப் பார்த்தார். அம்மையார் தெருவின் மறுகோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் ஏம்மா குடிச்சீங்க?"

அம்மையார் எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"அந்தக் கஞ்சியை நான் திருப்பிக் குடுத்திருந்தா, சாயங்காலம் நம்ம அரிசியை அவங்க திருப்பிக் குடுத்திருப்பாங்க."