சிலும்பாயி மாட்டிய டயர்

கருவேலங்காட்டுக்குள் ஒரு குட்டை இருந்தது. அதன் கரையில் ஒரு பொந்து. பொந்தில் சிலும்பாயி என்ற முள்ளம்பன்றி குடியிருந்தாள்.

சிலும்பாயிக்கு எதைக் கண்டாலும் சந்தேகம். வழியில் ஒரு கிழங்கு கிடந்தால், 'இதை யார் போட்டது? எதற்குப் போட்டது?' என்று மூன்று சுற்றுச் சுற்றி வந்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். அதற்குள் பாதிக் கிழங்கை எறும்பு தின்றிருக்கும்.

அவளிடம் ஒரு சைக்கிள் இருந்தது. காட்டில் யாருக்கு எதைக் கொண்டுபோக வேண்டுமென்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் பெரிய ஏரிக்குப் போகும் பாதையில், நல்லதம்பி என்ற நரியின் பஞ்சர் கடைக்குப் பத்தடி முன்னால், சொல்லிவைத்தாற்போல் ஒவ்வொரு முறையும் டயரில் முள் ஏறியது.

"ராசி அப்படிக்கா!" என்பான் நல்லதம்பி. பஞ்சர் ஒட்டிவிட்டு, அவள் கொண்டுபோகும் பண்டத்தில் பாதியை எடுத்துக்கொள்வான். ஓடி இரை பிடிப்பதை அவன் விட்டு வெகுநாள் ஆகிவிட்டது. உட்கார்ந்த இடத்துக்குச் சாப்பாடு வரும்போது யார்தான் ஓடுவார்கள்?

'அதெப்படி, அந்த இடத்தில் மட்டும் முள் கிடக்கும்?' சிலும்பாயி யோசித்தாள். யோசித்து, ஒரு புது டயரும் ட்யூபும் வாங்கி வந்தாள். இனி அந்தக் கடை வாசலையே மிதிப்பதில்லை என்று, வீட்டிலேயே தானே மாட்ட உட்கார்ந்தாள்.

முள்ளம்பன்றி ட்யூப் மாட்டுவது லேசுப்பட்ட காரியமா? தன் முதுகு முள்ளே குத்திவிட்டால்? ஒரு கோணிச் சாக்கை உடம்போடு இறுகச் சுற்றிக்கொண்டாள். கரண்டிக் காம்பால் நெம்பிப் பழைய டயரைக் கழற்றினாள். புது டயருக்குள் விரலை விட்டு ஒரு முழுச் சுற்றுத் தடவிப் பார்த்தாள். ட்யூபை முறுக்கு விழாமல் உள்ளே வைத்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி டயரை ரிம்முக்குள் தள்ளினாள். சாயங்காலத்துக்குள் முடித்தும்விட்டாள். கச்சிதமான வேலை!

அவளுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. மறுநாள் விடியும் முன் நான்கு முறை எழுந்து போய் டயரை அமுக்கிப் பார்த்தாள்.

அந்த வாரமே குட்டை வற்றத் தொடங்கியது. தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வந்துவிட்டது. சுற்றிலும் கொக்குகள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. குட்டையில் ஒரு கெண்டை மீன் தன் பதினொரு குஞ்சுகளோடு இருந்தாள். தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் சிலும்பாயிக்குப் பேச்சுத்துணை அவள்தான்.

"எப்படியாவது எங்களைப் பெரிய ஏரியில கொண்டுபோய் விட்டுடு, சிலும்பாயி! நாளைக்குத் தாங்காது!"

சிலும்பாயி வாயகன்ற தகரக் கேன் ஒன்றில் தண்ணீர் பிடித்து, கெண்டையையும் குஞ்சுகளையும் அதற்குள் விட்டாள். பழைய ட்யூபைக் கிழித்து, அந்தப் பட்டையால் கேனைச் சைக்கிளின் பின்னால் இறுகக் கட்டினாள். கிளம்பினாள்.

நூறு அடி போனதும் இறங்கிவிட்டாள்.

"ஏன் நின்னுட்ட?" என்று கெண்டை கேட்டாள்.

"காத்து இருக்கான்னு பாக்குறேன்."

"இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன?"

"இனிமே காத்து போயிட்டா?"

மறுபடி நூறு அடி. மறுபடி இறங்கினாள். இப்படியே நரியின் கடைக்கு வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. அந்தப் பத்தடி தூரத்தைச் சிலும்பாயி சைக்கிளைத் தூக்கிக்கொண்டே கடந்தாள். ஒரு முள்கூட ஏறவில்லை!

நல்லதம்பி பார்த்தான். புது டயரைப் பார்த்தான். கேனுக்குள் சளக் சளக்கென்று சத்தம் வந்ததும் நாக்கைச் சப்புக்கொட்டினான்.

"என்னக்கா, டயர் புதுசா! யார் மாட்டினது?"

"நான்தான்."

"நீங்களா? உடம்பெல்லாம் முள்ள வச்சுக்கிட்டு நீங்களே மாட்டினீங்களா? அடப் பாவமே!"

அவ்வளவுதான். சிலும்பாயி சட்டென்று டயரை அமுக்கிப் பார்த்தாள். நரி குனிந்து சக்கரத்தில் காதை வைத்தான்.

"ஸ்ஸ்ஸ்ஸ்... கேக்குதாக்கா?"

அவளுக்கும் கேட்டது. கேட்காமல் என்ன? நரியின் முன்பல் இரண்டுக்கும் நடுவில் அத்தனை பெரிய சந்து. ஆனால் காதில் சந்தேகம் ஏறிவிட்டால் கண் எங்கே வேலை செய்கிறது?

"கழட்டிப் பாத்துடலாம்!" என்றான் நரி. அவள் சரி என்பதற்குள் காற்றைப் பிடுங்கி, டயரைக் கழற்றி, உள்ளே கையை விட்டான். கை வெளியே வந்தபோது அதில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு நீள முள் இருந்தது.

"இது யாரோடது, அக்கா?"

சிலும்பாயிக்கு முகம் தொங்கிப்போனது. அவளுடைய முள்ளேதான்!

"சாக்கைச் சுத்திக்கிட்டுதானே மாட்டினேன்..."

"சாக்குல ஓட்டை இருந்திருக்கும்!"

இருந்ததோ? யோசிக்க யோசிக்க அவளுக்கு அந்தச் சாக்கில் ஓட்டைக்கு மேல் ஓட்டையாகத் தெரிந்தது.

"ட்யூப்ல எத்தனை பொத்தலோ! குமிழி வருதான்னு தண்ணியில முக்கிப் பாக்கணும். என் தொட்டி காஞ்சு கிடக்கு. அந்தக் கேன்ல இருக்கறதை இதுல ஊத்துங்க. மீனெல்லாம் இப்படி ஓரமா நிழல்ல கிடக்கட்டும். ஒரு நொடி வேலை!"

சிலும்பாயி கேனை அவிழ்த்தாள். தொட்டி மேல் சாய்க்கப் போனாள்.

"ஏய்! என்ன பண்ற?" கெண்டை கத்தினாள்.

"ட்யூப் ஓட்டையாயிடுச்சு. நான் மாட்டினது சரியில்ல."

"யார் சொன்னா?"

"நல்லதம்பி."

"ஊர்ல அத்தனை பேரையும் சந்தேகப்படுவியே, அவன் சொன்னதை மட்டும் எப்படி அப்படியே நம்புற? பாதி வழி வந்தோமே, டயர் இறங்குச்சா? ட்யூபை இந்தக் கேனுக்குள்ளயே விடு. குமிழியை நாங்க பாத்துச் சொல்றோம். பொறந்ததுலேர்ந்து அதைத்தானே பாக்குறோம்!"

நரி குறுக்கே பாய்ந்தான். "மீனுக்கு என்னக்கா தெரியும் பஞ்சரைப் பத்தி!"

"எங்க உசுரு இதுலதான் இருக்கு. நாங்க பொய் சொல்வோமா?" என்றாள் கெண்டை.

அது நியாயமாகப் பட்டது. சிலும்பாயி ட்யூபுக்குள் கொஞ்சம் காற்று அடித்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கேனுக்குள் முக்கித் திருப்பினாள். மீன்கள் உற்றுப் பார்த்தன. திடீரென்று ஒரு குமிழி வந்தது!

"ஐயோ! பாத்தியா!" சிலும்பாயி அலறினாள்.

"அது சின்னவன் விட்டதுடி! பிள்ளைங்களா, வாயை மூடுங்க!"

மறுபடி முக்கினாள். ஒரு முழுச் சுற்று. ஒரு குமிழிகூட வரவில்லை.

சிலும்பாயி அந்த முள்ளைக் கையில் எடுத்தாள். இத்தனை நீள முள் உள்ளே இருந்து ஒரு பொத்தல்கூட விழாதா? முதல் முறையாக அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நுனியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தாள்.

"சீ! காதுக் குறும்பி! போன மாசம் இங்க விழுந்த என் முள்ளை வச்சு நீ காது குடைஞ்சியா? அதையே டயருக்குள்ள இருந்து எடுத்த மாதிரி காட்டுறியா?"

நரியின் கை தன்னையறியாமல் காதுக்குப் போனது. சிலும்பாயி திரும்பி நின்று முதுகைச் சிலிர்த்தாள். அவ்வளவு முள்ளையும் ஒன்றாகப் பார்த்ததும் நரி ஒரே தாவலில் கடைக் கூரையில் ஏறிக்கொண்டான்.

ஆனால் சண்டை போட நேரமில்லை. கேனில் தண்ணீர் சுட ஆரம்பித்திருந்தது. குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

சாக்கோ கையில் இல்லை. சிலும்பாயி முள்ளையெல்லாம் முதுகோடு படிய வைத்துக்கொண்டாள். டயருக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவினாள். ட்யூபை வைத்தாள். கட்டைவிரலால் தள்ளித் தள்ளி மாட்டினாள். காற்றடித்து ஒரே ஒரு முறை அமுக்கிப் பார்த்தாள். கல்லு மாதிரி இருந்தது.

"அரை மைல் தாங்காது! பாக்கத்தானே போறேன்!" கூரையிலிருந்து நரி கூவினான்.

அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. ஒவ்வொரு மேட்டிலும், ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கிப் பார்க்கச் சொல்லி மனசு அரித்தது. சிலும்பாயி இறங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். பாறைச் சரிவில் சைக்கிள் தடதடவென்று குதித்தது. அப்போதும் இறங்கவில்லை. டயரும் இறங்கவில்லை.

ஏரி வந்தது. கேனைத் தண்ணீருக்குள் சாய்த்தாள். கெண்டை நீந்திப் போனாள். குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக அவள் பின்னால் போயின. கெண்டை திரும்பி எண்ணினாள். பத்துதான் இருந்தன.

கடைசிக் குஞ்சு கேனின் அடியில் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. குமிழி விட்ட சின்னவன்.

சிலும்பாயி அதை இரு கையாலும் ஏந்தி எடுத்தாள். கெண்டை கரைக்கு அருகில் வந்தாள்.

"நீ இல்லன்னா பதினொன்னும் போயிருக்கும், சிலும்பாயி."

"நான் நடுவுல நின்னு நின்னு வராம இருந்திருந்தா?"

கெண்டை திரும்பி, மற்றப் பத்துக் குஞ்சுகளிடம் நீந்திப் போனாள்.

தன் கையால் செய்த வேலையை ஒருமுறை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்துவிட்டு அதை நம்ப வேண்டும்; நம்பாமல் தயங்கி நிற்பவர், தம்மை நம்பி வந்தவர்களுக்குத்தான் தீங்கு செய்கிறார்.