சிவப்புக் காருக்கு ஒடுக்கெடுத்த கதை

கூழாங்குளத்து ஆட்களை யாராவது முட்டாள்கள் என்று சொன்னால் எனக்குப் பொறுக்காது. அவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். அப்படிப்பட்ட ஆட்கள் இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கிறார்கள்? சொல்லுகிறவர்கள்தான் கொஞ்சம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

குணபாலன் பார்த்துச் சொல்லவில்லை. அதனால் வந்ததுதான் எல்லாம்.

குணபாலனுக்குத் திருநெல்வேலியில் பெண் பேசி முடித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பா திரவியம் இரும்புக்கடைக்காரர். அறுபது வயதில் ஆசைப்பட்டு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தார். குங்குமச் சிவப்பு. இரண்டே இரண்டு சீட்டு. தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே கழுவுவார், அவரே துடைப்பார். தலை காயாமல் வந்தால் பெண்டாட்டியைக்கூட அதில் ஏற்ற மாட்டார். அப்படிப்பட்ட மனுஷன், "மதுரையில சர்வீசுக்கு விட்டிருக்கேன் மாப்ளே, வரும்போது நீங்களே எடுத்துட்டு வந்திருங்க" என்று சொன்னார் என்றால், அது பெண்ணைக் கொடுப்பதைவிடப் பெரிய காரியம்.

செவ்வாய்க்கிழமை காலையில், கூழாங்குளத்துக்குப் பிரிகிற விலக்கில், வேலுக்கோனாரின் ஆடுகள் ரோட்டைக் கடந்தன. ஆடுகளுக்காகக் குணபாலன் விலகினான். பாலத்துக் கைப்பிடிச்சுவர் அவனுக்காக விலகவில்லை. அவனுக்கும் ஆடுகளுக்கும் ஒரு கீறல் கிடையாது. காருக்குத்தான் இடது பக்கம், முன்சக்கரத்துக்கு மேலே, ஒரு பூசணிக்காய் வைக்கிற அளவுக்குப் பள்ளம். விளக்கு நொறுங்கிவிட்டது. பம்பர் ஒரு பக்கம் தொங்கியது.

உருட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தபோது ஒரு போர்டு கண்ணில் பட்டது: 'இங்கு எல்லாவிதமான ஒடுக்குகளும் எடுக்கப்படும்.'

அது பாத்திரப் பட்டறை. மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவர் ஆவுடையப்பன். அடுத்தவர் அவருடைய மச்சினன் தவசிமுத்து. மூன்றாவது ஆள் சுடலைக்கண்ணு, தூரத்துப் பங்காளி. அந்த வட்டாரத்தில் எந்தக் கல்யாணத்தில் அண்டா உருண்டாலும், எந்த வீட்டில் தவலை நசுங்கினாலும், இங்கேதான் வரும்.

"அண்ணாச்சி, கார்ல ஒடுக்கு எடுப்பீங்களா?"

ஆவுடையப்பன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். விரலால் சுண்டிச் சத்தம் கேட்டார்.

"எத்தனை படி பிடிக்கும்?"

"படியா? ரெண்டு பேர் உட்காரலாம்."

"ரெண்டு பேருக்கா இம்புட்டுப் பெரிய சாமான்!" என்று தவசிமுத்து வாயில் கை வைத்தார்.

குணபாலனுக்கு வேறு வழி இல்லை. விளக்கு, பம்பர், பெயிண்ட் எல்லாம் வாங்க மதுரைக்குத் திரும்ப வேண்டும். பஸ் வேறு வந்துவிட்டது. படியில் ஒரு காலை வைத்தபடியே கத்தினான்.

"அண்ணாச்சி, அடிபட்ட இடத்தை மட்டும் சரி பண்ணுங்க! வேற எங்கயும் கை வைக்காதீங்க!"

பஸ் போய்விட்டது. மூன்று பேரும் யோசித்தார்கள்.

"அத்தான், அடிபட்ட இடம் எது?" என்று கேட்டார் தவசிமுத்து.

"பாலம்தான். மோதுன சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சே."

"அப்ப இந்தக் காரு?" என்றார் சுடலைக்கண்ணு.

"இது அடிபட்ட சாமான். இடம் வேற, சாமான் வேற. தம்பி இடத்தைத்தானே சொன்னாரு? மட்டும்னு வேற அழுத்திச் சொன்னாரு."

"பாத்தியளா அண்ணாச்சி! தன் காரு நசுங்கிக் கிடக்கு. அதை விட்டுட்டு ஊர்ப் பாலத்தை நெனைக்காரே அந்தப் புள்ள!" சுடலைக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கார் வெயிலில் கிடக்கக் கூடாது என்று அதை நிழலுக்குத் தள்ளினார்கள். கை வைக்கக் கூடாது அல்லவா, மூன்று பேரும் திரும்பி நின்று முதுகை வைத்துத் தள்ளினார்கள். அப்புறம் சிமெண்டும் கரண்டியுமாகப் பாலத்துக்குப் போனார்கள்.

மத்தியானம் குணபாலன் போன் செய்தான். தவசிமுத்துவின் போனில் மூன்று பேரும் காதை வைத்தார்கள்.

"அண்ணாச்சி, அடிபட்ட இடம் என்ன ஆச்சு?"

"பிரமாதமா வந்துட்டு தம்பி. முந்தி இருந்ததைவிடப் பலம். இனி லாரியே மோதினாலும் தாங்கும்."

குணபாலனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "அவ்வளவு பலமா எப்படிப் பண்ணுனீங்க?"

"ஒண்ணுக்கு நாலு கலவை. உள்ளுக்குள்ள நாலு வரிசை செங்கல் வச்சிருக்கு."

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் அவனுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தாராம்.

"கார் அண்ணாச்சி! காரு!" என்றான் கடைசியில். "கார் உடம்புல ஒரு ஒடுக்கு இருக்கே, அதை எடுங்க!"

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி!"

ஒடுக்கெடுக்கும் வேலையில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒடுக்கெடுப்பதற்கு முன்னால் அண்டாவைக் கவிழ்த்து வைப்பது வழக்கம். காரைக் கவிழ்க்க டீக்கடையிலிருந்து எட்டுப் பேரைக் கூட்டி வந்தார்கள். எட்டுப் பேரும் துண்டை இடுப்பில் கட்டிக் குனிந்த நேரத்தில் சுடலைக்கண்ணுவுக்கு ஞாபகம் வந்தது.

"அண்ணாச்சி, வேற எங்கயும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரே. கை வைக்காம எப்படிக் கவுக்க?"

அதனால் கார் பிழைத்தது. ஆவுடையப்பன் சக்கரத்தின் ஓரமாக மல்லாக்கப் படுத்து, மரக்கொட்டாப்புளியால் உள்ளேயிருந்து தட்டித் தட்டி, இரண்டு மணி நேரத்தில் பள்ளத்தைத் தவலை வயிறு மாதிரி உருட்டிக் கொண்டுவந்துவிட்டார்.

புதன்கிழமை காலையில் குணபாலன் மறுபடியும் பேசினான். ஒடுக்கு எடுத்தாயிற்று என்றதும் அவனுக்குத் தெம்பு வந்துவிட்டது.

"நல்லது அண்ணாச்சி. இனி பட்டி பாத்து வையுங்க."

பட்டி பார்ப்பது என்றால், சின்னச் சின்ன மேடு பள்ளங்கள் தெரியாமல் பசை மாதிரி ஒன்றைப் பூசித் தேய்ப்பது. அண்டாவுக்கு அந்த வேலை கிடையாது. கூழாங்குளத்தில் பட்டி என்றால் ஒன்றே ஒன்றுதான். வேலுக்கோனாரின் ஆட்டுப்பட்டி.

மூன்று பேரும் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய்ப் பட்டியைப் பார்த்தார்கள். நின்று பார்த்தார்கள். உட்கார்ந்து பார்த்தார்கள். போன் வந்தது. குணபாலன் உதிரி பாகங்கள் விற்கிற கடைத்தெருவில் நின்றான். ஒரே இரைச்சல்.

"பட்டி பாத்தாச்சா?"

"பாத்துக்கிட்டே இருக்கோம் தம்பி."

"எப்படி இருக்கு? எல்லாம் சமமா இருக்கா?"

"அது எப்படி இருக்கும்? ஒண்ணு உசரம், ஒண்ணு கட்டை."

"முதல்ல அப்படித்தான் இருக்கும். உப்புத்தாளைத் தண்ணியில முக்கித் தேயுங்க. மேடு பள்ளம் இல்லாம வழவழன்னு வரணும். அவசரப்படாதீங்க."

கோனார் ஆட்சேபித்தார். "எதுக்குடே என் ஆட்டைத் தேய்க்கிய?"

"எங்களுக்கு மட்டும் ஆசையா? கார்க்காரர் உத்தரவு" என்றார் ஆவுடையப்பன்.

முதலில் ஆடுகள் ஓடின. பிறகு பெரிய கிடாவுக்குக் கழுத்தடியில் தேய்த்தது சுகமாக இருந்துவிட்டது. அது நகர மறுத்தது. அதைப் பார்த்து மற்றவையும் வந்து ஒன்றையொன்று முட்டித் தள்ளி வரிசையில் நின்றன. நாற்பத்தேழு ஆடுகள். கடைசி ஆடு முடிந்தபோது மணி மூன்று. அடுத்து எப்போது வருவீர்கள் என்று கோனாரே கேட்டார்.

திரும்பி வந்தால் பஸ்ஸில் ஒரு பெட்டி வந்திருந்தது. உள்ளே பெயிண்டும் அதை அடிக்கிற துப்பாக்கியும். கூடவே குணபாலனிடமிருந்து போனும் வந்தது.

"பெயிண்ட் வந்துச்சா? ரெண்டு கோட்டு போடணும் அண்ணாச்சி. முதல் கோட்டு நல்லாக் காஞ்ச பிறகுதான் ரெண்டாவது கோட்டு. அதுல மட்டும் ஏமாந்துராதீங்க."

போனை வைத்ததும் மூன்று பேரும் வெளியே வெயிலைப் பார்த்தார்கள்.

"சித்திரை மாசத்துல கோட்டு எதுக்கு அத்தான்?" என்றார் தவசிமுத்து.

"பெரிய காரு. அதுக்குன்னு ஒரு மரியாதை இருக்கும்லா? கைலியோட நின்னு பெயிண்ட் அடிக்க முடியுமா?"

"ஒண்ணு போதாதா? ரெண்டு எதுக்கு?"

"ரெண்டு சீட்டுல்லா!"

அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பேண்டு வாத்தியக்காரர் வீட்டில் ஆறு கோட்டுகள் வாங்கி வந்தார்கள். நீல நிறம், பித்தளைப் பொத்தான், தோளில் தங்கக் குஞ்சம். ஆளுக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டு, அது காய்வதற்காக வெயிலில் போய் நின்றார்கள்.

அரை மணி நேரம் கழித்துக் குணபாலன் கேட்டான்: "முதல் கோட்டு காஞ்சுதா?"

"காய மாட்டேங்குது தம்பி. நேரம் ஆக ஆக ஈரம் கூடுது."

"ஈரம் கூடுதா? வெயில்ல வையுங்க!"

"வெயில்லதான் நிக்கோம்."

"தொட்டுப் பாருங்க. ஒட்டுதா?"

"முதுகுல ஒட்டுது தம்பி."

குணபாலன் அடுத்த பஸ்ஸைப் பிடித்தான்.

அவன் வந்து இறங்கியபோது மூன்று பேண்டு வாத்தியக்காரர்கள் வேப்பமரத்தடியில் மயங்கிக் கிடந்தார்கள். பக்கத்தில் மூடி திறக்காத பெயிண்ட் டப்பா. அழுகை வந்தது அவனுக்கு. ஆனால் காரைத் தடவிப் பார்த்தால் பள்ளம் இருந்த இடமே தெரியவில்லை. இவர்களுடைய கையில் கோளாறு கிடையாது, நம்முடைய வாயில்தான் கோளாறு என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

வியாழக்கிழமை காலையிலிருந்து அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. விரலால் காட்டினான். அவர்கள் செய்தார்கள். பூசு என்று காட்டினால் பூசினார்கள், தேய் என்று காட்டினால் தேய்த்தார்கள். பஞ்சர் கடைக் காற்று மெஷினை இழுத்து வந்து பெயிண்ட் அடித்தார்கள். விளக்கு ஏறியது, பம்பர் நிமிர்ந்தது. நடுவில் ஒரு கொசு கடித்து அவன் கன்னத்தில் அடித்துக்கொண்டபோது மூன்று பேரும் அவரவர் கன்னத்தில் அடித்துக்கொண்டார்கள். மற்றபடி ஒரு பிசகும் இல்லை. மூன்று மணிக்கெல்லாம் கார் கல்யாணப் பெண் மாதிரி நின்றது.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவன் வாயைத் திறந்துவிட்டான்.

"அண்ணாச்சி, அடிபட்டது யாருக்கும் தெரியக் கூடாது. ஊர்ல ஒருத்தருக்குக்கூட!"

சொல்லிவிட்டுக் குளத்துக்குக் குளிக்கப் போனான்.

ஊரில் நூற்றெண்பது வீடு. மூன்று பேரும் தெருவைப் பிரித்துக்கொண்டு ஓடினார்கள்.

"அக்கா, சிவப்புக் காரு பாலத்துல மோதினது உங்களுக்குத் தெரியக் கூடாது."

"எந்தக் காரு?"

"அந்தா நிக்கே, அது. செவ்வாய்க்கிழமை மோதுச்சு. இடது பக்கம். உங்களுக்குத் தெரியாது."

"சரி, தெரியாது."

இது இப்படி இருக்க, கார் இன்னும் வரவில்லையே என்று பொறுக்க முடியாமல் திரவியம் தானே மதுரைக்குப் பஸ் ஏறியிருந்தார். பஸ் கூழாங்குளத்தில் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தன்னுடைய சிவப்புக் கார். இறங்கிவிட்டார்.

"வாங்க ஐயா" என்றார் டீக்கடைக்காரர். "இந்தக் காரு இடது பக்கம் மோதினது எனக்குத் தெரியாது."

தண்ணீர்க் குடத்தோடு போன ஒரு பெண் நின்று சொன்னாள்: "எனக்குந்தான் தெரியாது."

வேலுக்கோனார் கும்பிட்டார். "நானும் பாக்கலை ஐயா. எங்க ஆடும் பாக்கலை."

திரவியம் கண்ணாடியை எடுத்து மாட்டினார். காரை மூன்று முறை சுற்றினார். குத்தவைத்துப் பார்த்தார். உள்ளங்கையால் தடவினார். தலையைத் துவட்டிக்கொண்டே வந்த குணபாலன் அப்படியே நின்றுவிட்டான்.

"மாப்ளே, என்ன ஊரு இது? கேக்காமலே எல்லாரும் தெரியாது, தெரியாதுங்கிறாங்க."

"எனக்கும் தெரியலை மாமா" என்றான் குணபாலன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"வண்டி வாங்குன அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு. இடது பக்கம் அடிபட்டுச்சுன்னு எவனாவது சொன்னா, சத்தியமா நான் நம்ப மாட்டேன்."

குணபாலனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நேரத்திலேயே சாவியைப் போட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் ஆவுடையப்பனின் முகம் சிவந்துவிட்டது.

"நம்ப மாட்டீகளா?"

"மாட்டேன்."

"முப்பது வருஷமா ஒடுக்கெடுக்கேன் ஐயா. நான் செஞ்ச வேலையைச் செய்யலைன்னு இதுவரைக்கும் ஒருத்தர் சொன்னது கிடையாது."

மூன்று பேரும் ஒதுங்கிப் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள்.

"சொல்லிரவா?"

"சொன்னாத் தெரிஞ்சிரும். தம்பி தெரியக் கூடாதுன்னுருக்காரு."

"அப்ப காட்டிருவோம்."

"இடது பக்கம் காட்டினாலும் தெரிஞ்சிரும்."

"அதனாலதான் வலது பக்கத்துல காட்டணும்."

தவசிமுத்து உள்ளே போய்ச் சம்மட்டியை எடுத்து வந்தார். குணபாலன் ஓடி வருவதற்குள் ஆவுடையப்பன், வலது பக்கம், முன்சக்கரத்துக்கு மேலே, ஓங்கி ஒரே ஒரு அடி அடித்தார்.

"இந்தா, இப்படித்தான் இருந்துது ஐயா" என்றார் பெருமையாக. "இப்ப அந்தப் பக்கம் போய்ப் பாருங்க, எப்படி எடுத்திருக்கோம்னு."

கல்யாணம் பின்னால் நல்லபடியாகவே நடந்தது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம். திரவியத்துக்கு மாப்பிள்ளைமேல் கோபப்பட அன்றைக்கு இடமே கிடைக்கவில்லை. அவர் இடது பக்கத்தைப் பார்த்தார், வலது பக்கத்தைப் பார்த்தார், மறுபடியும் இடது பக்கத்தைப் பார்த்தார். குணபாலன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சுடலைக்கண்ணு மட்டும் புதுப் பள்ளத்தில் கையை விட்டு அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அது இன்னும் ரெண்டு விரக்கடை ஆழமால்லா இருந்துது?"

ஆவுடையப்பனும் குனிந்து பார்த்தார். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ஆமா. நல்ல வேளை சொன்ன. ஐயா தப்பா நெனைச்சிரக் கூடாது பாரு" என்று சொல்லி, உள்ளங்கையில் எச்சிலைத் துப்பிக்கொண்டு, சம்மட்டியை மறுபடியும் தூக்கினார்.