பதினோராவது திருகாணி

தாராபுரத்தில் ஒரு மாவு மில். அதன் மேல்மாடியில் ஒரு தியான இல்லம். கீழே மில் ஓடினால் மேலே தரை நடுங்கும். கும்பிடுகிற கையும் கூடவே நடுங்கும். புதிதாக வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். மூன்றாம் நாள் பழகிவிடும்.

இல்லத்தை நடத்தியவர் மரகதவல்லி. வயது நாற்பத்திரண்டு. திருப்பூரில் பதினாறு வருஷம் பனியன் தைத்துவிட்டு வந்தவர். பேச்சு குறைவு. எல்லாரும் அவரை அம்மா என்பார்கள்.

அவருடைய சீடர் அவிநாசியப்பனுக்கு அறுபத்துமூன்று. குருவைவிட இருபத்தொரு வயது மூத்த சீடர். அதனால் அம்மா அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவார். முப்பத்தாறு வருஷம் மின்கம்பம் ஏறிய கை அவருடையது. அவர் முடுக்கிய போல்ட் ஒன்றுகூடத் தளர்ந்ததில்லை. அதை அவரே சொல்லுவார். பொய்யும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு அங்கே ஒரு வாசிப்பு வட்டம் கூடும். அதை நடத்துகிற பொறுப்பை அம்மா அவரிடம் கொடுத்திருந்தார். முழங்கால் வலியோடு அவர் இருபத்திரண்டு படி ஏறி வந்ததே அந்த வட்டத்துக்காகத்தான்.

முதல் ஞாயிறு ஒன்பது பேர் வந்தார்கள். அன்றைக்கே ஏழு விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். நான்கு அடித்ததும் கதவு சாத்தப்படும் என்பது முதல் விதி. இரண்டு வாரம் வராதவர் பெயர் அடிக்கப்படும் என்பது ஏழாவது. கீழே மில்காரர் நாச்சிமுத்து அதைக் கேள்விப்பட்டு, அண்ணன் கதவைச் சாத்தினால் எமனும் வெளியே நின்று மணி பார்க்க வேண்டியதுதான் என்றார்.

ஆறாவது ஞாயிறு நான்கு பேர்தான் இருந்தார்கள்.

வியாழக்கிழமை காலை அவிநாசியப்பன் அம்மாவிடம் போய் நின்றார். கையில் பெயர் எழுதிய நோட்டு. ஒன்பது பெயரில் ஐந்து அடிபட்டிருந்தது. ஒன்று, எட்டாவது விதியும் போட்டு இருப்பவர்களையாவது கட்டிக் காக்க வேண்டும். இல்லையென்றால் வட்டத்தைக் கலைத்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எது சரி என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் அம்மா சொல்லியாக வேண்டும் என்றார். சொல்லிவிட்டு நோட்டை மூடினார்.

அம்மா மூலையைக் காட்டினார். அங்கே தட்டையாக, நீளமாக ஒரு அட்டைப்பெட்டி சாய்ந்திருந்தது.

"புத்தக அலமாரி பலகை பலகையா வந்திருக்குதுங்க. அதைப் பூட்டி நிறுத்துங்க. அப்புறம் பேசலாம்."

இல்லத்தில் இருநூற்றுப் பதினான்கு புத்தகங்கள் இருந்தன. எல்லாம் பாயில் கிடந்தன. மில் மாவு படிந்து படிந்து அட்டையெல்லாம் வெளுத்திருந்தது. அலமாரி வேண்டியதுதான். ஆனால் கேட்ட கேள்வி என்ன, கிடைத்த வேலை என்ன என்று அவருக்கு ஒரு வருத்தம். இருந்தாலும் வேலை கைக்குத் தெரிந்த வேலை. அரைமணி நேரம் போதும் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

பெட்டியைப் பிரித்தார். பக்கப் பலகை இரண்டு. மேல், நடு, கீழ் என்று குறுக்குப் பலகை மூன்று. எடுத்து வைக்கிற தட்டு இரண்டு. முதுகு அட்டை ஒன்று. திருகாணி பன்னிரண்டு, மரக்குச்சி பன்னிரண்டு, தட்டு தாங்குகிற முளை எட்டு, முதுகுக்குச் சின்ன ஆணி இருபது, சுவரோடு பிடிக்க ஒரு இரும்புப் பட்டை. திருகாணியைத் திருக வளைந்த சாவி ஒன்று. எல்லாவற்றையும் இரண்டு முறை எண்ணி, வகைக்கு ஒரு கிண்ணத்தில் போட்டார். வழவழப்பான விளிம்பு முன்பக்கம் வர வேண்டும், சொரசொரப்பு பின்னால் போக வேண்டும் என்பதையும் பார்த்துக்கொண்டார். அவசரக்காரன் அங்கேதான் கோட்டை விடுவான். அவர் விடவில்லை.

கூட ஒரு தாள் இருந்தது. அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை, படம் மட்டும்தான். ஒருமுறை பார்த்தார். ஐந்தாவது படத்தில் ஒரு கை, சாவியைப் பாதி திருப்பி நிறுத்தியிருந்தது. அரைகுறையாகத் திருகச் சொல்கிறானே, சோம்பேறி வரைந்த படம் என்று தாளை மடித்து வைத்தார்.

இடது பக்கப் பலகையை நிறுத்தினார். குறுக்குப் பலகை மூன்றையும் அதில் சேர்த்தார். ஆறு திருகாணி. ஒவ்வொன்றையும் போட்ட கையோடு அடிவரைக்கும் முடுக்கினார். சாவி கையில் தடம் பதித்தது. வலது பக்கப் பலகையை ஏற்றினார். மேலே இரண்டு, முடுக்கினார். நடுவில் இரண்டு. கொஞ்சம் முரண்டு பிடித்தது. முடுக்கினார்.

பத்து ஆயிற்று. பதினோராவதைக் கீழே வைத்தார். ஏறவில்லை. குனிந்து பார்த்தார். துளைக்கும் துளைக்கும் நடுவே ஒரு நெல் அகலம் விலகியிருந்தது.

முழங்காலால் பலகையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பலங்கொண்ட மட்டும் திருகினார். மடக் என்று ஒரு சத்தம். பலகையின் கீழ்மூலை ஒரு விரல்நுனி அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை. உள்ளே தவிடு மாதிரி இருந்தது.

அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

துளை போட்டவன் தப்பாகப் போட்டுவிட்டான் என்றார் அவிநாசியப்பன். மற்ற பத்தும் ஒழுங்காக நிற்கிறது, இது ஒன்றுதான் அடங்கவில்லை, நாச்சிமுத்துவிடம் துளைபோடும் மிஷின் இருக்கிறது, பக்கத்திலேயே வேறு துளை போட்டுவிடலாம் என்றார்.

"மிஷின் இருக்கட்டுங்க. சாவியைக் குடுங்க."

சாவியை வாங்கிய அம்மா பதினோராவதைத் தொடவேயில்லை. முதலாவதிடம் போனார். அதை ஒரு சுற்றுத் தளர்த்தினார். இரண்டாவதை ஒரு சுற்று. மூன்றாவதை ஒரு சுற்று.

அவிநாசியப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, அதெல்லாம் நல்லா நிக்கிற ஆணிங்க. கம்பத்து மேல ஒரு போல்ட் தளர்ந்திருந்தா ஆள் சாவானுங்க."

"கம்பம் நட்டு முடிஞ்சதுங்க. இது இன்னும் நட்டு முடியலீங்க."

பத்தையும் தளர்த்திய பிறகு அலமாரி லேசாக ஆடியது. மில் நடுக்கத்தில் பலகைகள் ஒன்றோடொன்று உரசி, உட்கார இடம் தேடுவதுபோல அசைந்தன. அம்மா பதினோராவது திருகாணியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"சாவி வேண்டாங்க. விரல்லயே போடுங்க."

இரண்டு விரலால் வைத்துத் திருகினார். ஒரு முனகல்கூட இல்லை. தன் வீட்டுக்குள் போவதுபோலப் போயிற்று. பன்னிரண்டாவதும் அப்படியே.

அவிநாசியப்பன் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு இருவருமாக அலமாரியைப் பாய்மேல் குப்புறப் படுக்க வைத்தார்கள். அம்மா ஒரு நூலை எடுத்துக் குறுக்காக மூலைக்கு மூலை பிடித்தார். மற்ற இரண்டு மூலைகளுக்கும் அப்படியே பிடித்தார். அரை விரல் வித்தியாசம் இருந்தது. ஒரு ஓரத்தை உள்ளங்கையால் தட்டினார். மறுபடி நூல் பிடித்தார். சரியாக வந்தது. முதுகு அட்டையை வைத்து இருபது ஆணியும் அடித்தார்கள்.

"இப்ப முடுக்குங்க ஐயா. உங்க கை பலமெல்லாம் இப்பத்தான் வேணும்."

முதல் திருகாணியில் அவர் கை பழைய வேகத்தில் முழுச்சுற்றுப் போனது. பாதியில் தானே நின்றுகொண்டார். கொஞ்சம் தளர்வாகவே விட்டு இரண்டாவதுக்குப் போனார். பன்னிரண்டையும் ஒரு வலம் வந்தார். இரண்டாம் வலம். மூன்றாம் வலத்தில் அடிவரைக்கும் முடுக்கினார். நிமிர்த்தி, இரும்புப் பட்டையால் சுவரோடு பிடித்தார்கள். மில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மேல்தட்டில் அம்மா ஒரு செம்பு தண்ணீர் வைத்தார். தண்ணீரில் வளையம் ஓடியது. அலமாரி அசையவில்லை.

பெயர்ந்த மூலை மட்டும் பெயர்ந்தபடி இருந்தது. அதை ஒட்டிவிடலாமா என்று கேட்டார் சீடர். இருக்கட்டும் என்றார் குரு.

நோட்டைப் பற்றி இருவரும் பேசவில்லை.

மறுநாள் காலை அவிநாசியப்பன் பேருந்து நிலையத்துப் பக்கம் போனார். அங்கே தெய்வாத்தாள் இட்லிக்கடை வைத்திருக்கிறாள். நோட்டில் முதலில் அடிபட்ட பெயர் அவளுடையது. முதல் வாரத்துக்குப் பிறகு பத்து நிமிஷம் தாமதமாக வந்து, சாத்திய கதவைப் பார்த்துத் திரும்பிப் போனவள். இரண்டு ஞாயிறு அப்படித் திரும்பினாள். மூன்றாவது வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் கரண்டியைக் கீழே வைக்காமல் பேசினாள்.

"மூணே முக்காலுக்குத்தானுங்க கடை சாத்தறேன். பாத்திரம் கழுவோணும். உங்க கடியாரத்தைப் பாத்து என்னோட இட்லிப் பானை ஆறுமுங்களா?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு இட்லி வாங்கிச் சாப்பிட்டார்.

"வருவன்னு சொல்லலீங்க," என்றாள் அவர் கை கழுவும்போது.

மற்ற நான்கு பேர் வீட்டுக்கும் போனார். இரண்டு வீட்டில் ஆள் இல்லை. ஒரு வீட்டில் பார்க்கலாம் என்றார்கள். ஒரு வீட்டில் காப்பி கொடுத்தார்கள், வேறொன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு வந்தது. மில்லுக்கு விடுமுறை. இருநூற்றுப் பதினான்கு புத்தகங்களும் தூசி தட்டி அலமாரியில் ஏறியிருந்தன. சுவரில் ஏழு விதிகள் இருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும் இருந்தது. நான்கு மணிக்கு நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா சுவரோரம் கண்மூடி இருந்தார்.

கடிகாரம் அடித்தது. அவிநாசியப்பனின் கை தாழ்ப்பாள் பக்கம் தானாகப் போயிற்று. இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நான்கு ஐந்து. நான்கு பத்து. கீழே தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. அவ்வளவுதான். உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் புத்தகத்தைத் திறந்துவிட்டு மறுபடி மூடினார். அவிநாசியப்பன் படிகளை மனதுக்குள் எண்ணினார். இருபத்திரண்டு.

நான்கு பன்னிரண்டுக்கு முதல் படியில் ஒரு காலடி கேட்டது.

தெய்வாத்தாள் வந்தாள். கை இன்னும் ஈரம். முந்தானையில் துடைத்துக்கொண்டே புது அலமாரியை மேலிருந்து கீழே பார்த்தாள். கீழே வந்ததும் பார்வை நின்றது.

"மூலை ஒடஞ்சிருக்குதுங்களே?"

"நான்தானுங்க ஒடச்சேன்," என்றார் அவிநாசியப்பன்.

அவள் அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஒரு புத்தகத்தை உருவி எடுத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள்.

அவர் எழுந்து கதவருகே போனார். அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்பச் சாத்தட்டுங்களா அம்மா?"

அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"படியில சத்தம் நிக்கட்டுங்க ஐயா. அப்புறம் நீங்களே சாத்துங்க."

அவர் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்று கேட்டார். கீழே யாரோ செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.