கண்ணை மூடி அடித்த கரடி

கும்மன் என்ற கரடி மட்டையை ஓங்கி வீசியது. பந்து விர்ரென்று கிளம்பியது. நேராகப் போவதுபோலப் போய், பாதி வழியில் வலப்பக்கம் வளைந்து, நடுக்குளத்தில் தொபுக்கென்று விழுந்தது.

தண்ணீருக்குள்ளிருந்து கல்லன் என்ற ஆமை தலையை நீட்டியது.

"இன்றைக்கு இது ஒன்பதாவது பந்து! இது நான் குடியிருக்கிற இடம், உன் பந்துக் கிடங்கு இல்லை!"

"கொஞ்சம் பொறுத்துக்கொள் கல்லா! இன்னும் நாலே பாடம்தான் பாக்கி. அதையும் முடித்துவிட்டால் என் பந்து நேரே அக்கரையில் போய் உட்காரும்!" என்றது கும்மன். அதன் குரலில் துளிக்கூடச் சந்தேகம் இல்லை.

அந்தக் குளத்துக்கு ஒரு பக்கம் மூங்கில் காடு, மறுபக்கம் தேக்குக் காடு. குளத்தின் வடகரையில் நிழலும் தெளிந்த தண்ணீரும் உண்டு. தென்கரை முழுக்கச் சேறு. அந்தச் சேற்றில் ஒரு முதலையும் உண்டு. கோடை வந்தால் வடகரை யாருக்கு என்று இரண்டு காட்டு விலங்குகளும் முட்டி மோதிக் காயப்பட்டன. கடைசியில், மலைமேல் மனிதர்கள் ஆடும் கோல்ஃப் ஆட்டத்தைப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தன. காட்டுக்கு ஒருவர் தென்கரையில் நின்று ஒரே ஒரு பந்து அடிக்க வேண்டும். வடகரையில் நட்ட கொடிக்கு மிக அருகில் யார் பந்து விழுகிறதோ, அந்தக் காட்டுக்கே கோடை முழுவதும் வடகரை.

இரண்டு வருடமாகத் தேக்குக் காட்டின் நெடுவாலன் என்ற குரங்குதான் ஜெயித்துக்கொண்டிருந்தது. போன கோடையில் தென்கரைக்குத் தண்ணீர் குடிக்கப் போன மான்குட்டி ஒன்றை முதலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதன் பிறகுதான் மூங்கில் காடு, "நம்மில் பலசாலி கும்மன். இந்தத் தடவை அதுவே அடிக்கட்டும்!" என்று முடிவு செய்தது.

கும்மன் சந்தோஷமாக ஒப்புக்கொண்டது. குகைக்குப் போய் செல்போனைத் திறந்தது. எங்கோ தூர தேசத்தில் இருக்கும் ஒரு கொரில்லா வாத்தியார் நாற்பது பாடங்களை வீடியோவாகப் போட்டிருந்தார். மட்டையை எப்படிப் பிடிப்பது, தோளை எப்படித் திருப்புவது, இடுப்பை எப்போது சுழற்றுவது, எல்லாம் அதில் இருந்தன. கும்மன் ஒவ்வொன்றையும் பத்துத் தடவை பார்த்தது. வழியில் முயலைக் கண்டால் முயலுக்கும், முள்ளம்பன்றியைக் கண்டால் முள்ளம்பன்றிக்கும் வீச்சின் இலக்கணத்தை விளக்கியது.

கும்மன் பழகிய மூங்கில் காட்டுப் பக்கத்துக் கரைப் புல்லில் ஆள்காட்டிக் குருவி ஒன்று முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. கீரியோ பாம்போ, எது வந்தாலும் ஊரைக் கூட்டிவிடும் குரல் அதற்கு. அதனால் எல்லோரும் அதைச் சத்தக்காரி என்றே கூப்பிட்டார்கள். கும்மன் அடிப்பதை அது தினமும் பார்த்தது.

"கரடியண்ணே! நீங்கள் அடிக்கும்போது ஒன்று செய்கிறீர்கள்! சொல்லட்டுமா?" என்று ஒருநாள் கத்தியது.

கும்மனுக்குக் கூச்சமாகிவிட்டது. இது கத்தினால் தன் தப்பு இரண்டு காட்டுக்கும் கேட்டுவிடுமே!

"நீ உன் முட்டையைப் பார்! நான் முப்பத்தாறு பாடம் முடித்தவன்!" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தது.

போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மூங்கில் காட்டின் தலைவி அம்பாரி என்ற யானை. அது கும்மனை எல்லோர் முன்பும் அடித்துக் காட்டச் சொன்னது. நாற்பது பாடமும் முடித்திருந்த கும்மன் மார்பை நிமிர்த்தி நின்றது. மட்டையை வீசியது. பந்து வளைந்து போய்க் கல்லனின் முதுகோட்டில் டங்கென்று மோதித் தண்ணீருக்குள் போனது.

ஒருவரும் சிரிக்கவில்லை. அம்பாரி மெதுவாகத் தும்பிக்கையை ஆட்டியது. "கும்மா, நீ கஷ்டப்படுகிறாய், தெரிகிறது. ஆனால் வேறு ஆள் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்" என்றது.

கூட்டத்தின் ஓரத்தில் குட்டியை இழந்த மான் நின்றுகொண்டிருந்தது. அது ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தது. கும்மனுக்கு அம்பாரி சொன்னதைவிட அந்த மான் சொல்லாததுதான் அதிகம் வலித்தது.

குகைக்கு வந்து கடைசிப் பாடத்தை மறுபடி போட்டது. கை ஓடவில்லை. மட்டையைத் தொடாமல் சும்மா உட்கார்ந்திருந்தது. வீடியோ முடியும் இடத்தில் கொரில்லா வாத்தியார் கைதட்டிச் சிரித்தார்.

"ஆகா! அருமையாக அடித்தீர்கள்!"

கும்மன் திடுக்கிட்டு நிமிர்ந்தது. "நான் அடிக்கவே இல்லையே!" என்றது.

வாத்தியார் அதே சிரிப்போடு நின்றார். இத்தனை நாளும் தான்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவர் தன்னை ஒருதடவைகூடப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் கும்மனுக்கு உறைத்தது.

மறுநாள் விடிந்ததும் அது சத்தக்காரியிடம் போய் நின்றது.

"தங்கச்சி, அன்றைக்கு என்னவோ சொல்ல வந்தாயே, இப்போது சொல். சத்தமாகச் சொன்னாலும் பரவாயில்லை."

"முதலில் அடியுங்கள் அண்ணே, பார்க்கிறேன்!"

கும்மன் அடித்தது. பந்து குளத்தில் விழுந்தது.

"மட்டையைப் பிடித்த பிடி ரொம்ப நன்றாக இருக்கிறது. யார் சொல்லிக்கொடுத்தது?"

"கொரில்லா வாத்தியார்."

"அவர் சொன்னதில் பிடியை வைத்துக்கொள்ளுங்கள். வீச்சை விட்டுவிடுங்கள். அவர் கை முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது, உங்கள் கை குட்டை. அவ்வளவு தூரம் பின்னால் கொண்டுபோனால் உடம்பு சாய்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. மட்டை பந்தில் படுகிற சமயத்தில் நீங்கள் கண்ணை மூடிக்கொள்கிறீர்கள்!"

"நானா?"

"நீங்களேதான்! இறுக்கி மூடுகிறீர்கள்!"

கும்மன் மட்டையில்லாமல் கையை மட்டும் ஓங்கிப் பார்த்தது. பிறகு அதற்கே விளங்கியது. பிறந்ததிலிருந்து தேன்கூட்டைத் தட்டித் தட்டியே வளர்ந்த உடம்பு அது. கையை ஓங்கினாலே தேனீ கொட்டும் என்று கண் தானாக மூடிக்கொண்டது. இதை எந்த வீடியோ சொல்லும்?

"மூடக் கூடாது என்று நினைத்தாலும் மூடுமே! என்ன செய்வது?"

சத்தக்காரி முட்டைகளைச் சருகால் மூடிவிட்டு எழுந்து வந்தது. பந்துக்கு ஒரு முழம் தள்ளி, மட்டை போகும் வழியை ஒட்டி நின்றுகொண்டது.

"இப்போது அடியுங்கள்!"

"ஐயோ! மட்டை உன்மேல் பட்டால்?"

"கண்ணைத் திறந்து வைத்திருந்தால் படாது!"

அன்று காலை முழுவதும் கும்மனால் ஒரு பந்துகூட அடிக்க முடியவில்லை. மதியத்துக்குமேல் மெதுவாக, மிக மெதுவாக மட்டையை வீசியது. கண் இமைக்கவில்லை. பந்து நாலு அடிதான் உருண்டது. ஆனால் நேராக உருண்டது.

"அப்படித்தான் அண்ணே! இன்னொன்று!" என்று சத்தக்காரி போட்ட கூச்சலில் தேக்குக் காட்டுக் கொக்குகள்கூடப் பறந்தன. கும்மன் வெட்கப்படவில்லை. அன்று ஐம்பது பந்து அடித்தது. பதினோரு நாளும் அப்படியே நடந்தது. "இடது கால்! பாரம் இடது காலுக்கு வரட்டும்!" "அவசரம் வேண்டாம்!" "மறுபடி மூடினீர்கள்! நான் பார்த்தேன்!" என்று விடாமல் ஒலித்தது குருவியின் குரல்.

போட்டி நாளும் வந்தது. அன்று பார்த்து முட்டைகள் பொரிந்துகொண்டிருந்தன. சத்தக்காரியால் கூட்டைவிட்டு நகர முடியவில்லை. கும்மன் தனியாகத்தான் போனது.

நெடுவாலன் முதலில் அடித்தது. பந்து கொடிக்கு ஆறு அடி தள்ளி விழுந்தது. தேக்குக் காடு ஆர்ப்பரித்தது.

"குளம் உன் பந்துக்காகக் காத்திருக்கிறது கும்மா!" என்று குரங்கு கேலி செய்தது.

கும்மன் மட்டையை அளவாகப் பின்னால் கொண்டுபோனது. இமைகள் படபடத்தன. பந்துக்கு ஒரு முழம் தள்ளிச் சத்தக்காரி நிற்பதாகவே நினைத்துக்கொண்டு வீசியது. மட்டை பந்தில் பட்டதை அது தன் கண்ணாலேயே பார்த்தது!

பந்து எழுந்தது. வளையவில்லை. குளத்தைத் தாண்டி, வடகரைப் புல்லில் ஒரு குதி குதித்து, கொடிக்கம்புக்கு இரண்டடி தள்ளி நின்றது.

மூங்கில் காடே துள்ளியது. கல்லன்கூடக் கரையேறி வந்து முன்கால்களைத் தட்டிப் பாராட்டியது. அன்று மாலையே மான்கள் வரிசையாக வடகரைக்குப் போய், பயமில்லாமல் தலைகுனிந்து தண்ணீர் குடித்தன.

நெடுவாலன் மெல்லக் கும்மனிடம் வந்தது. "எந்த வீடியோவைப் பார்த்து இதைக் கற்றுக்கொண்டாய்? எனக்கும் சொல்லேன்!" என்றது.

"நான் பார்த்துக் கற்றது பாதிதான். மீதியை, என்னைப் பார்த்து ஒருத்தி திருத்தினாள்!" என்றது கும்மன்.

எந்தக் கலையையும் தூரத்திலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாத நம் குறையை, பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்கிறவரிடம்தான் திருத்திக்கொள்ள முடியும்.