நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும்

நீலகிரிப் பக்கம் ஒரு சிறிய ஊர். பெயர் சொல்ல மாட்டேன். அந்தக் காவல் நிலையத்தில் இருந்தவர்களில் சிலர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். முடிவில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், ஆகவே கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

நிலையத்தின் ரைட்டர் மரகதவல்லி. இருபத்திரண்டு வருட சர்வீஸ். எஸ்.ஐ. பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் அந்த மாதம்தான் ஏறியிருந்தது. ஒரே ஒரு மெமோ விழுந்தாலும் பெயர் இறங்கிவிடும்.

தேர்தல் வந்தால் உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியை நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அதைத் துணியில் சுற்றி, அரக்கு முத்திரை வைத்து, முத்திரையை ஒட்டிச் சொந்தக்காரரின் கையெழுத்தையும் வாங்கிப் பூட்டிவைப்பது மரகதவல்லியின் பொறுப்பு. அப்படி ஒப்படைத்தவர்களில் இருவர், எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஓய்வு பெற்ற டாக்டர் வேதமூர்த்தியும், டிராயிங் மாஸ்டராக இருந்த டேனியல் ஆசீர்வாதமும்.

இருவருக்கும் பழைய ரிவால்வர் என்றால் பைத்தியம். அமெரிக்க எல்லைப்புறங்களில் குதிரையேறிப் போனவர்கள் இடுப்பில் செருகியிருந்த காலத்துச் சாமான்கள், எப்படியோ தோட்டத்துத் துரைமார்களோடு இந்த மலைக்கு வந்து துருவேறிக் கிடந்தவை. ஒரு பங்களா ஏலத்தில் ஜோடியாக இரண்டு கிடைத்தன. ஒன்றின் எண் நாற்பத்தொன்றில் முடிந்தது, மற்றதன் எண் நாற்பத்திரண்டில். டாக்டர் முன்னதை எடுத்துக்கொண்டார், டேனியல் பின்னதை. அந்த வகை ரிவால்வரில் குழல், கைப்பிடிச் சட்டம், குண்டு போடும் உருளை எல்லாவற்றிலும் ஒரே எண் பொறித்திருக்கும். ஒன்று மாறினாலும் சேகரிப்பவர்களுக்குச் சோறு இறங்காது.

இந்த இருவரும் பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. டாக்டர் ஆசை ஆசையாக வாங்கிய இன்னொரு ரிவால்வரை டேனியல் போலி என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது உண்மைதான். அதனால்தான் டாக்டருக்கு அவ்வளவு கோபம்.

தேர்தல் முடிந்து சாமான்களைத் திரும்பத் தரும் நாள். இருவரும் ஒரே நேரத்தில் வந்து, பெஞ்சின் இரண்டு கோடியில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கண்முன்னேயே மரகதவல்லி முத்திரைகளை உடைத்தாள். அரக்கில் ஒரு கீறல் இல்லை, கையெழுத்து கலையவில்லை. டாக்டர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, பக்கத்து அறைக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இது என்னோட உருளை இல்லம்மா. நாப்பத்திரண்டுன்னு இருக்கு. நீங்க பிரிச்சு மாத்திட்டீங்க."

டேனியலும் தன்னுடையதைப் புரட்டிப் பார்த்து, சுவரைப் பார்த்தபடி, தனக்கும் மாறித்தான் இருக்கிறது என்றார்.

முத்திரை முழுசாக இருந்ததே என்று கேட்க மரகதவல்லி வாயெடுத்தாள். அதற்குள் டாக்டர் உருளையைக் கழற்றிச் சரியாக மாட்டப் பையிலிருந்து திருப்புளியைக் கையில் எடுத்திருந்தார். இரண்டு வருடமாக அவருக்குக் கை நடுக்கம். திருப்புளி மேஜையில் தட்டித் தட்டி நழுவியது. டேனியல் எழுந்து வந்தார். ஒன்றும் கேட்காமல் அதை வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். உருளையைத் தாங்கும் கம்பி அசையவே மாட்டேன் என்றது. எண்ணெய் விட்டு அரைமணி நேரம் பாடுபட வேண்டியிருந்தது. போன மாதம் யாரோ பிரித்து மாட்டியிருந்தால் அப்படி இறுகிப்போயிருக்காது.

"அன்னிக்கு ரெண்டையும் பிரிச்சுத் துடைச்சிட்டு இருந்தோமே, சண்டையில அவசரமா மாட்டினது, டாக்டர்," என்று டேனியல் மெதுவாகச் சொன்னது மரகதவல்லியின் காதில் விழுந்தது. டாக்டர் தலையாட்டினார். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒன்பது வருடமாக இருவருக்கும் தெரியும், இருவரும் கேட்கவில்லை. இன்று பேசுவதற்கு ஒரு சாக்கு கிடைத்திருக்கிறது. அந்தச் சாக்கு அவள்.

அப்போது சத்தம் கேட்டு இன்ஸ்பெக்டர் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்தது.

"என்னம்மா, முத்திரையைப் பிரிச்சியா?"

பிரிக்கவில்லை என்று சொன்னால் அவள் பிழைப்பாள். ஆனால் இரண்டு கிழவர்களும் பொய்ப் புகார் கொடுத்தவர்கள் ஆவார்கள். அந்த அவமானத்தில் மறுபடி முகம் திருப்பிக்கொண்டால், இன்னொரு ஒன்பது வருடத்துக்கு இருவருக்கும் ஆயுசு இல்லை. நடுங்கும் அந்தக் கையைப் பார்த்தாள். பட்டியலையும் நினைத்துப் பார்த்தாள். நெஞ்சு கேட்கவில்லை.

"ஆமாங்கய்யா. எண்ணெய் போடலாம்னு பிரிச்சேன். மாத்தி மாட்டிட்டேன்."

இன்ஸ்பெக்டர் மெமோ எழுதத் தாளை எடுத்தார். டேனியல் எழுந்து நின்றார்.

"அவங்க இல்ல சார். ஒன்பது வருஷம் முன்னாடி நான் ஒருத்தன்தான் மாத்தினேன். டாக்டருக்கு ஒண்ணும் தெரியாது."

டாக்டர் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் மாத்தி மாட்டினோம் சார். ரெண்டு பேருக்கும் மறுநாளே தெரியும். பேசுறதுக்கு ஒரு சாக்கு வேணும்னு நான்தான் இந்தம்மா தலையில பழியைப் போட்டேன்."

தப்பு ஒன்று, அதற்குச் சொந்தம் கொண்டாடியவர்கள் மூவர். செய்யாததைச் செய்தேன் என்றாள் ஒருத்தி. பாதி செய்தவர் முழுவதும் தனதென்றார். மூன்றாமவர் நண்பரையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்தார். சொல்லுங்கள், இந்த மூவரில் சரியாகச் செய்தவர் யார்?

மரகதவல்லி என்றுதான் உங்கள் மனம் சொல்லும், என் மனமும் அப்படித்தான் சொன்னது. ஆனால் ஊரே நம்பித் துப்பாக்கியைக் கொடுக்கும் முத்திரையை, உடையாதபோதே உடைந்தது என்றாள் அவள். அந்த நம்பிக்கை அவள் ஒருத்தி தானம் பண்ணக்கூடியதல்ல. டேனியலும் அன்பினால்தான் பொய் சொன்னார். சரியாகச் செய்தவர் டாக்டர். முதல் பொய்யைச் சொன்னவர் அவர், மானம் போவதும் அவருக்குத்தான், இருந்தும் உண்மையைச் சொல்லி அந்தப் பெண்ணைக் காப்பாற்றினார். மெமோ எழுதப்படவில்லை. நண்பரைக் காட்டிக்கொடுத்தாரே என்பீர்கள். நண்பனுக்காகப் பழியை முழுவதும் சுமக்கப் பிணக்கில் இருப்பவனால்கூட முடியும். பழியில் பாதியை உரிமையோடு நண்பன் தோளில் வைக்க, பிணக்கு அடியோடு தீர்ந்திருக்க வேண்டும்.